ஈரச் செருப்பும் அபிப்பிராயக் கொப்பியும்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன், மத்தியானச் சாப்பாடு முடிந்து கதிரையில் சாய்ந்திருந்தபோது மகள் தன் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். பழைய நாவல்களைப் பற்றி வாசகர்கள் அபிப்பிராயம் எழுதுகிற ஏதோ ஒரு பக்கமாம். ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டு, இரண்டு நாள் நித்திரை இல்லை என்கிறார். அடுத்தவர் ஒரே ஒரு நட்சத்திரத்தோடு, கதாநாயகிக்கு மூளை கிடையாது என்கிறார். மூன்றாமவர் புத்தகத்தை வாசிக்கவேயில்லை, அட்டைப்படம் பிடிக்கவில்லையாம். இவர்களெல்லாம் உண்மையான ஆட்கள்தானா என்று எனக்கு உடனே சந்தேகம் வந்தது. எனக்கு எதிலும் சந்தேகம்தான். தேங்காய் வாங்கப் போனால் மூன்று தரம் குலுக்கிப் பார்த்துவிட்டு, நாலாம் தரம் கடைக்காரரின் முகத்தையும் பார்ப்பேன்.

"அம்மா, உது நீங்கள் சொல்லுற கதை மாதிரிக் கிடக்கு. வாசல்லை ஈரச் செருப்பு," என்றாள் மகள்.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். அதே கதைதான். உடனே என் மூக்கில் பூச்சி உருண்டையும் பலாப்பழமும் கலந்த ஒரு வாசம் ஏறியது. நீங்கள் சிரிக்கலாம். கொடிகாமம் சந்தைக்குக் கிட்டவிருந்த அந்த வாசிகசாலையில் வேலை செய்திருந்தால் சிரிக்கமாட்டீர்கள். சனம் சந்தைக்கு வந்து, வாங்கிய பழத்தை எங்கள் மேசைக்குக் கீழே உருட்டி வைத்துவிட்டுத்தான் பேப்பர் படிக்கும். வைகாசி, ஆனியில் பேப்பரே இனிக்கும்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, முதல் வேலை. அங்கே நாங்கள் இரண்டே பேர். நூலகர் பவானியக்கா, முப்பத்தாறு வயது, கலியாணம் ஆகவில்லை. சாதகத்தில் செவ்வாய் என்று வந்த சம்பந்தங்கள் எல்லாம் வாசலோடு திரும்பியிருந்தன. வருகிற புத்தகங்களைப் பதிவதும் கிழிந்ததை ஒட்டுவதும் அவர். இரவல் போகும் புத்தகங்களில் திகதி முத்திரை குத்துவது நான். மைத்தட்டில் ஊதா மை. அது என் வலது பெருவிரலில் ஏறினால் இறங்காது. தேசிக்காய் தேய்த்தும் பார்த்தேன், மண்ணெண்ணெயும் போட்டுப் பார்த்தேன்.

"உன்னைக் கட்டப்போறவன் முதல்லை இந்த விரலைக் கண்டுதான் பயப்பிடப் போறான்," என்பார் பவானியக்கா. தன் சாப்பாட்டுப் பெட்டியில் பாதியை எனக்குத் தந்துவிட்டு, தனக்குப் பசியில்லை என்பார். அம்மாவை இழந்த எனக்கு அந்தப் பாதிச் சோறு பெரிய விஷயம்.

சன்னல் கம்பியில் ஒரு கொப்பி கயிற்றில் தொங்கும். அபிப்பிராயக் கொப்பி. பக்கத்தில் ஒரு பென்சில் துண்டு. வாசிகசாலையின் குறைநிறைகளை எழுதுவதற்கென்று வைத்தது. மேலே பவானியக்கா தன் முத்தான எழுத்தில் 'பெயர் எழுதத் தேவையில்லை' என்று போட்டிருந்தார். பெயர் தேவையில்லை என்றால் எங்கள் சனத்துக்குக் கை தானாக ஓடும். மின்விசிறி, மூலையில் கொட்டாவி விடுபவர், பக்கத்து வீட்டுச் சேவல் எல்லாவற்றையும் பற்றி எழுதினார்கள். நாவல்களைப் பற்றியும் எழுதினார்கள்.

கொழும்பிலிருந்து யாரோ அன்பளிப்பாக அனுப்பிய பெட்டியில்தான் அந்த நாவல் வந்தது. அட்டை இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. பெயர் தெரியாததால் நாங்கள் 'ஈரச் செருப்பு' என்றே பதிந்தோம். மலைநாட்டில் தாரமிழந்த ஒருவனை ஒரு தாதி காதலித்துக் கட்டுகிறாள். அருவியில் விழுந்து செத்த முதல் மனைவியின் செருப்பு இன்னமும் வாசலில் கிடக்கிறது. ஒவ்வொரு விடியற்காலையும் அது ஈரமாக இருக்கிறது. அவன்தான் முதல் மனைவியைத் தள்ளினானா? தாதி பின்கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்க்கிற இடத்தோடு புத்தகம் அறுந்து நிற்கும்.

அடுத்த கிழமையே கொப்பி நிரம்பத் தொடங்கியது. 'ஈரச் செருப்பை வைத்து ஒருவனைத் தூக்கில் போட முடியாது' என்று எழுதியவர் இளைப்பாறிய தபாலதிபர். பெயர் போடாவிட்டாலும் அந்தக் கொம்பு சுழி வைத்த எழுத்தை ஊரே அறியும். 'இவள் முதல் நாளே வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்' என்றது கணக்கு ரீச்சரின் கை. 'இப்படி அழகான கணவன் கிடைத்தால் நான் செருப்பைப் பார்க்கவே மாட்டேன்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அது யாரென்று கண்டுபிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பிறகு ஒருநாள் அபிப்பிராயங்களின் போக்கு மாறியது. 'கிணற்றுக்கட்டு உயரந்தானே, எப்படித் தவறி விழுவது?' என்று ஒருவர் எழுதினார். நான் புத்தகத்தை மறுபடி புரட்டினேன். கதையில் கிணறே இல்லை.

எனக்கு ஏன் என்று விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. பவானியக்காவுக்கு உடுவிலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. கச்சேரியில் அரசாங்க வேலை, தாரமிழந்தவர். வலிப்பு வருத்தம் இருந்த முதல் மனைவி கிணற்றில் விழுந்து இறந்தவராம். பவானியக்கா இதைப் பற்றி ஒரு சொல் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் ஊருக்குத் தெரிந்துவிட்டது. கலியாணம் என்றால் எங்கள் பக்கத்தில் விசாரிப்பார்கள். மாப்பிள்ளை வேலை செய்யும் கந்தோர், அயல், போன தலைமுறையின் வருத்தங்கள் என்று ஒன்றையும் விடமாட்டார்கள். இந்த முறை விசாரணை எங்கள் சன்னல் கம்பியிலேயே தொங்கியது.

ஒரு புதன்கிழமை உடுவில்காரர் தானே வந்தார், பேப்பர் படிக்கிற சாட்டில். ஒல்லியான மனிதர். வெயிலுக்கு ஒரு பூப்போட்ட பெண்கள் குடை பிடித்திருந்தார். அதைச் சுருக்கி, துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பவானியக்கா புத்தக அடுக்குக்குப் பின்னால் ஒரே புத்தகத்தை நாலு தரம் அடுக்கினார். போகும்போது அவர் என்னைப் பார்த்து, "வாறன் தங்கச்சி," என்றார். செத்த மனுசியின் குடையோடு பெண் பார்க்க வருகிற ஆளை எப்படி நம்புவது என்று நான் யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வது பொய். அப்படி யோசிக்க விரும்பினேன்.

அன்று பின்னேரம், பவானியக்கா தபால் கந்தோருக்குப் போயிருந்த நேரம், கொப்பியை எடுத்தேன். எழுத்துத் தெரியக்கூடாதென்று பென்சிலை இடது கையில் பிடித்து, வலது கையால் தாளை அமத்திக்கொண்டு, கோணல்மாணலாக எழுதினேன். 'அவன்தான் கொன்றவன். எனக்குத் தெரியும். அவள் தப்பிவிட வேண்டும்.'

பத்து நாளில் பவானியக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் அழவில்லை. வழமைபோல் சோற்றில் பாதியைத் தந்தார். நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

உடுவில்காரர் அடுத்த வருடமே வேறொரு இடத்தில் கட்டிவிட்டார். கனகாலத்துக்குப் பிறகு அந்த இருவரையும் சாவகச்சேரி ஆஸ்பத்திரி வாசலில் கண்டேன். மனைவிக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் நடந்துபோனார். அந்த மனுசியின் கையில் எங்காவது காயம் இருக்கிறதா என்று அப்போதும் உற்றுப் பார்த்தேன். இல்லை. நல்ல பூரிப்பாக இருந்தார்.

இவ்வளவும் அந்தக் கைபேசிக்குள் பார்த்தபோது என் மனதில் ஓடியது. நட்சத்திரக்காரர்களில் ஒருவர் கதையின் முடிவையும் போட்டு உடைத்திருந்தார். கணவன் குற்றமற்றவன். செருப்பில் தூசி படியக்கூடாதென்று அவனே விடியற்காலையில் எழும்பிக் கழுவி வைப்பானாம்.

பவானியக்கா இப்போது சாவகச்சேரியில் தனியே இருக்கிறார். ஞாயிறு தோறும் நாலு மணிக்கு எனக்குத் தொலைபேசி எடுப்பார். அன்று நான் பொறுக்காமல் முதலே எடுத்தேன்.

"அக்கா, ஈரச் செருப்பின்ரை முடிவு கிடைச்சிட்டுது. அவன் கொல்லேல்லையாம்."

"தெரியும்," என்றார். "கடைசிப் பக்கங்களைக் கழட்டினது நான்தானே."

நான் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"வீட்டிலை அந்தப் பேச்சு அப்பவே துவங்கிட்டுது. தாரமிழந்தவரைப் பற்றி நேரை கேட்டா ஆர் உண்மை சொல்லப் போயினம்? முடிவு தெரியாட்டி சனம் மனசிலை உள்ளதை எழுதும் எண்டு நினைச்சன். கிணறெண்டும் எழுதிச்சினம். அதைப் பாத்துச் சிரிச்சனான். ஓம் எண்டு சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்."

"பிறகேன் அக்கா?"

"பிறகு பாத்தா, ஒரு பக்கத்திலை உன்ரை பெருவிரல். ஊதாவாய், அச்சொட்டாய். மற்றவை ஆயிரம் எழுதட்டும். நீ ஒளிச்சு எழுதியிருக்கிறாய் எண்டா, எனக்கு முகத்துக்கு நேரை சொல்லேலாத ஏதோ ஒண்டு உனக்குத் தெரிஞ்சிருக்கு எண்டு நினைச்சன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"நீ வெக்கப்படுவாய் எண்டு விட்டிட்டன்." பிறகு மெதுவாகக் கேட்டார். "இப்ப சொல்லன், பிள்ளை. உனக்கு என்ன தெரியும்?"

இத்தனை வருடம் எல்லோரையும் சந்தேகித்த எனக்கு, என்னைச் சந்தேகிக்காத ஒரேயொரு ஆளுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ஒண்டும் தெரியாது, அக்கா. நீங்கள் உடுவிலுக்குப் போனா நான் தனிச்சுப்போவன் எண்டு பயந்திட்டன்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி, வை. அடுப்பிலை பால்," என்றார்.

அந்த வாசிகசாலைக் கட்டடம் இப்போது இல்லை. அதே இடத்தில் மாபிள் பதித்த புதியதொன்று நிற்கிறது, உள்ளே பலாப்பழம் கொண்டுபோக விடமாட்டார்கள். கொப்பியைக் கறையான் தின்றுவிட்டதென்று கேள்வி. என் விரலில் இருந்த மையும் எப்போதோ போய்விட்டது.

"நீங்களும் ஒரு அபிப்பிராயம் போடுங்கோவன் அம்மா. பேர் போடத் தேவையில்லை," என்றாள் மகள் அன்று. நான் கைபேசியை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. நாலு மணி தாண்டிவிட்டது. போன இரண்டு ஞாயிறும் போல, பவானியக்கா எடுக்கவில்லை.