கழுத்துக் கோட்டுக்கு மேலே

மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்குப் போகும் பஸ்ஸில் இப்போது எப்போதாவதுதான் ஏறுகிறேன். ஏறினால், அந்தப் பால் சேகரிப்பு நிலையம் இருக்கும் வளைவில் என்னையறியாமல் எழுந்து நிற்பேன். "இறங்கப் போறீங்களா?" என்று கண்டக்டர் கேட்பார். இல்லை என்று மறுபடி உட்காருவேன். அங்கே நான் வேலை செய்தது மொத்தமாக ஐந்தாறு நாள்தான். ஆனாலும் அந்த நாட்களைப் போல என் தொழிலில் வேறெதுவும் மனதில் நிற்கவில்லை.

தொட்டிகளுக்குச் சென்சார் பூட்டி, அது சரியாக அளக்கிறதா என்று பார்த்துத் திருத்துவது என் தொழில். ஏதோ பெரிய விஞ்ஞானம் என்று நினைப்பார்கள். சென்சாருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: பால் எத்தனை உயரம் நிற்கிறது என்பது. அந்த உயரத்துக்கு எத்தனை லீற்றர் என்று நாம்தான் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தொட்டியின் அடி வளைந்திருக்கும். எனவே இருபது லீற்றர் அளவுக் கலத்தால் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு கலத்துக்கும் உயரத்தைக் குறித்து அட்டவணை செய்ய வேண்டும். ஆயிரம் லீற்றர் தொட்டிக்கு ஐம்பது கலம். இடுப்பு கழன்றுவிடும். அதனால் நான் குறிப்பேன், ஊற்ற வேறு ஆள் பிடிப்பேன்.

அங்கே பால் கேன் கழுவும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் கிடைத்தார்; எல்லோருக்கும் அவர் நானா. மாத்தளைச் சந்தையில் தேங்காய் எண்ணெய் விற்றவர். கடையை மருமகனிடம் விட்டுவிட்டு, சும்மா இருக்க முடியாமல் இந்த வேலைக்கு வந்தவர். வாய் ஓயாது. நான் எண்ணிக்கையில் தடுமாறினால், "தம்பி, பதினாலா பதினஞ்சா? இந்தத் தலைய நம்பியா ஒங்களுக்கு வேல தந்தாங்க?" என்று வாருவார். நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்த மிஸ் உள்ளே சிரிப்பது கேட்கும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். புருஷன் இல்லாமல் இந்த ஒரு வேலையை வைத்து மகளை வளர்த்து வந்தார். பத்து மணிக்குப் பால் கலக்காத பிளேன்டீயும் கித்துல் கருப்பட்டியும் அனுப்புவார். கொய்யா மர நிழலில் கொப்பியோடு உட்கார்ந்திருந்த எனக்கு அது வேலை மாதிரியே தெரியவில்லை. அந்தச் சுகத்தில்தான் கோட்டை விட்டேன்.

மூன்று மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆட்கள் கொண்டுவரும் பாலை நிறுத்து எடுத்தால் ஒரு அளவு, தொட்டியில் சென்சார் காட்டுவது அதைவிடக் குறைவு. தினமும் இப்படியாம். பவுசர் லொறி பல நிலையங்களின் பாலையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போவதால் தொழிற்சாலையில் எதுவும் புலப்படாது.

"சென்சார் சரின்னு நீங்க எழுதித் தந்தா போதும். அந்தப் பொம்பளைய வீட்டுக்கு அனுப்பிடலாம்," என்றார் மெனேஜர்.

போய்ப் பார்த்தேன். காலையிலேயே பவுசர் வந்து போயிருந்தது. தொட்டி கழுவி வெறுமையாக இருந்தது. சென்சாரில் ஒரு பழுதும் இல்லை. வெறுந்தொட்டியில் பூச்சியம் காட்டியது. கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கோல் வைத்து அளந்தாலும் அதே உயரம். "நான் ஒரு சொட்டு எடுக்கலிங்க சார்," என்று மட்டும் சொன்னார் மிஸ். எனக்குச் சந்தேகம் இருந்தது, அதை இப்போது மறைத்து என்ன பயன்? நான் பூட்டிய சென்சார் பொய் சொல்லாது என்ற திமிர். இருந்தாலும் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. மறுபடி தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுவோம் என்றேன்.

நானா வந்தார். இம்முறை நான் பக்கத்திலேயே நின்றேன். அளவுக் கலத்தின் கழுத்தில் ஒரு கோடு உண்டு. தண்ணீர் அதில் நின்றால் சரியாக இருபது லீற்றர். தண்ணீர் கோட்டைத் தொட்டதும் நானா குழாயை மூடினார். பிறகு ஒரு கோப்பையால் அள்ளி, விளிம்பு தளும்பும் வரை மேலே ஊற்றினார்.

"நானா, என்ன செய்றீங்க? கோடு வரைக்கும்தான் அளவு!"

"கோடு கெடக்கட்டும் தம்பி. வாய் வரைக்கும் எடம் ஈக்கிதே. முப்பது வருஷம் எண்ணெ அளந்த கை இது. அளவுல குறை வெச்சா நாளைக்கு அல்லாஹ்கிட்ட என்ன பதில் செல்றது?"

"அன்னைக்கும் இப்படித்தான் ஊத்தினீங்களா?"

"ஒரு கலம் கூட குறைய வெக்கல்ல," என்றார் பெருமையோடு.

தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு இருபதுக்கும் ஒரு கோப்பை கூடுதல். நான் இருபது என்று எழுதிய உயரத்தில் உண்மையில் அதற்கு மேல் இருந்திருக்கிறது. தொட்டியில் எவ்வளவு பால் இருந்தாலும் என் அட்டவணை குறைத்தே சொல்லியிருக்கிறது. நானாவைக் குற்றம் சொல்ல வழியில்லை. கோட்டைக் காட்டி, இதற்கு மேல் வேண்டாம் என்று சொல்ல வேண்டியவன் கருப்பட்டி கடித்துக்கொண்டிருந்தான்.

கோடு வரை மட்டும் நிரப்பி ஐம்பது கலம் ஊற்றி முடிக்கப் பொழுது சாய்ந்தது. நானா அன்று ஒரு பகிடியும் விடவில்லை. "நான் செஞ்சதாலயா அந்தப் புள்ளைக்கு இந்தப் பேரு?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். பிழை என்னுடையது என்று சொல்லியும் அவருக்குச் சமாதானமாகவில்லை.

சென்சார் சரி, அட்டவணை பிழை, பிழை செய்தவன் நான் என்று அறிக்கை எழுதி மிஸ்ஸிடம் வாசித்துக் காட்டினேன். "பால் ஒருநாளும் குறையல்ல மிஸ். எல்லாம் சரியாத்தான் இருந்திச்சு."

அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் ஊத்துனதுங்க?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. மெதுவாகச் சொன்னார். வீட்டில் ஒரு மாடு இருக்கிறதாம். மேலிடம் கேள்வி கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து, காலையில் கறக்கும் நாலு போத்தலையும் கொண்டுவந்து, நிறுக்காமல், யாரும் பார்க்காமல் தொட்டியில் ஊற்றி வந்திருக்கிறார். அப்படியும் குறை தீரவில்லை.

"மகளுக்கு பிளேன்டீய குடுத்துட்டு வந்து இதுல ஊத்துவேங்க சார். பாலு கேட்டு அழுவா."

அறிக்கையின் அடியில் நான் போட்ட கையெழுத்தைப் பார்த்தேன்.

"நாளைக்குக் காலையில ஊத்த வேணாம்தானுங்களே சார்?"

"வேணாம் மிஸ்."

அவர் என் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.