சேற்றில் இறங்கியவர்

கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகில் போனால் ஒரு தீவு. அங்கே வீடுகள் கடலுக்கு மேல் கால் ஊன்றி நிற்கும். மீன் வளர்க்கும் வேலைக்காக ராமநாதபுரத்திலிருந்து கடல் கடந்து வந்தேன். முதல் நாள் மத்தியானம், செருப்பைக் கீழ்ப்படியில் விட்டுவிட்டுப் படுத்தேன். தரைப் பலகைக்கு அடியில் கடல் தண்ணீர் ஏறியது. அதன் வெளிச்சம் கூரையில் நெளிந்தது. பார்த்தபடியே தூங்கிப்போனேன்.

எழுந்தபோது செருப்பைக் காணோம். புறப்படும்போது மனைவி வாங்கித் தந்தது. எதிர்வீட்டுச் சீனர் வாசலில் உட்கார்ந்திருந்தார். வெறுங்காலைக் காட்டி, "திருட்டுப் பயலே, நீதானே எடுத்த?" என்று கத்தினேன். அவர் என் காலையும் கீழ்ப்படியையும் பார்த்தார். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பையைக் கட்டினேன்.

கூட வேலை செய்யும் கிள்ளான் தமிழர் சிரித்தார். "கீழ்ப்படியில யாராவது செருப்ப விடுவாங்களா அண்ணே? தண்ணி தூக்கிட்டுப் போயிருக்கும் லா."

சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. அந்தச் சீனர் முழங்கால் சேற்றில் இறங்கித் தேடி, ஒற்றைச் செருப்பை எடுத்துவந்து என் மேல்படியில் வைத்தார். பேச எனக்குப் பாஷை இல்லை. வாளியில் நல்ல தண்ணீர் எடுத்து அவர் காலில் ஊற்றினேன். பிறகு பையை அவிழ்த்தேன்.

நான் திட்டியது அவருக்குப் புரியவில்லை என்றுதான் அன்று நினைத்தேன். இங்கே சில வருடம் இருந்த பிறகு தெரிகிறது, திட்டு எந்தப் பாஷையிலும் புரியும். புரிந்துதான் இறங்கியிருக்கிறார்.