சிகாமணி செய்த குரல்

ஞானசிகாமணி இறந்த செய்தி கல்லூரி அலுவலகம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிய குறுஞ்செய்தியாக எனக்கு வந்தது. ‘நமது கல்லூரியின் பெருமை, ஆய்வக உதவியாளர் ஞானசிகாமணி மாரடைப்பால் காலமானார்.’ பெருமை என்ற சொல்லைப் பார்த்ததும் கைபேசியை வீசி எறியலாம் போலிருந்தது. எட்டு வருடங்களுக்கு முன் இதே கல்லூரி அவருக்கு மெமோ கொடுத்தது. அதில் துறைத்தலைவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்.

இரங்கல் மலருக்கு ‘நாலு நல்ல வார்த்தை’ கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு. அவரை அறிந்த உங்கள் கையில் இது கிடைத்தால் போதும்.

கழித்துப்போட்ட கணினி எதையும் சிகாமணி விடமாட்டார். புதிய மென்பொருள் ஏறாத பெட்டிகளில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி நூலகத்தில் வைத்தார். எண்பதுகளில் வெளிநாட்டு வீடுகளில் இருந்த பழைய கணினிகளை இன்றைய கணினிக்குள் ஓட வைக்கும் எமுலேட்டர் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். “ஒரு மெஷின் இன்னொரு மெஷினாட்டு நடிக்கணும்னா, மொதல்ல அதுக்க குறைய படிக்கணும் சார்” என்பார். ஆசிரியர் அறையில் அவருக்கு விளையாட்டுக்காரர் என்று பெயர். அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் உண்டு.

முட்டத்தில் சவரிமுத்து என்பவர் கரையில் மீன் ஏலம் விளிப்பவர். தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து உயிர் பிழைத்தார், குரல் போய்விட்டது. அதன்பிறகு அவர் கடற்கரைக்கே போகவில்லை. வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்று யாரோ பஸ்ஸில் சொன்னதைச் சிகாமணி கேட்டிருக்கிறார். அந்தப் பழைய வீட்டுக் கணினிகளில் ஒன்றுக்குப் பேசும் மென்பொருள் இருந்தது. கரகரத்த இயந்திரக் குரல், ஆங்கிலம் மட்டும். அதைத் தமிழ் பேச வைக்க அவர் கிளம்பினார்.

பழைய மாணவர் ஒருவர் துபாயிலிருந்து கல்லூரிக்குத் தந்த கையடக்கக் கணினி ஒன்று கடவுச்சொல் மறந்துபோய் வருடக்கணக்காகக் கிடந்தது. சிகாமணி அதிலிருந்ததை அழித்து லினக்ஸ் ஏற்றினார், அதற்குள் எமுலேட்டர், அதற்குள் அந்தக் குரல். ழகரம்தான் வரவில்லை. அமெரிக்கர்கள் ‘கார்’ என்று சொல்லும்போது கடைசியில் நாக்கை மடிப்பார்கள் அல்லவா, அந்த ஒலியை எடுத்து நீட்டி ழகரமாக்கினார். ஒருநாள் மதியம் என் மேசைமேல் அதை வைத்து அழுத்தினார். அது “குழித்துறை” என்றது. “எங்க ஊரு பேர தப்பாட்டு சொல்லிச்சுன்னா வீட்டுல சேக்கமாட்டினும் சார்” என்றார். சவரிமுத்து அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மறுபடியும் கரைக்குப் போனார்.

இரண்டாயிரத்து ஆறில் கல்லூரிக்கு ஆய்வுக்குழு வந்தது. ஆய்வகக் கணினியில் பழைய விளையாட்டுகள் இருப்பதாக யாரோ எழுதிப்போட்டார்கள். எமுலேட்டர் என்றால் என்ன என்று தாளாளருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. என் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேசையில் இருந்தது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் கிடையாது. அந்தக் கணினியை முழுதாக அழிக்க உத்தரவு எழுதினேன். அந்தக் குரலுக்குச் சிகாமணி வைத்திருந்த ஒரே பிரதி அதோடு போயிற்று. அடுத்து, ஸ்டாக் புத்தகத்தில் உள்ள பொருளை வெளியே கொடுத்தது குற்றம், மீட்டு வாருங்கள் என்றார்கள். அட்டெண்டரோடு ஜீப்பில் முட்டம் போனேன். நான் இறங்கவில்லை. அட்டெண்டர் மட்டும் உள்ளே போனார். சவரிமுத்துவின் மனைவி கத்தியது தெருமுனையில் நின்ற ஜீப் வரைக்கும் கேட்டது. “அது அவருக்க நாக்காக்கும். நாக்க பிடுங்கிட்டா போறிய?”

பொருளை உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, அலமாரியில் பூட்டினோம். அந்த வகைக் கருவியில் பேட்டரி தீர்ந்தால் சேர்த்துவைத்த சொற்கள் அத்தனையும் அழிந்துவிடும். சிகாமணி என் அறை வாசலில் வந்து நின்றார். “மெமோ கெடக்கட்டும் சார். தெனமும் ஒரு மணிக்கூர் சார்ஜ் போட்டா மட்டும் போதும். இல்லன்னா அதுக்கு ஒண்ணும் ஓர்மை இருக்காது.” முத்திரை வைத்ததை உடைக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றேன். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் பூட்டினோமாம். நான்காம் நாள் அது செத்தது. படித்தவர்கள் ஆறு பேர் கையெழுத்துப் போட்டுச் செய்த காரியம் இது.

அவருக்குக் கோபம் வரவில்லை என்று இப்போது மேடையில் சொல்லப்போகிறார்கள். வந்தது. அன்றிலிருந்து என்னோடு அவர் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியதில்லை. மார்த்தாண்டத்தில் வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் அதே வகைப் பழைய கருவி ஒன்றை வாங்கி, ஏழு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் முட்டத்துக்குப் போய், முதலிலிருந்து எல்லாச் சொல்லையும் மறுபடி செய்தார்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். எல்லோரும் கலைந்த பிறகு கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒல்லியான ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். கழுத்தில் துணி சுற்றியிருந்தது. கையில் இருந்த கருவியில் சின்னக் குச்சியால் தட்டித் தட்டி எழுதினார். அது கரகரத்த குரலில் கேட்டது. “நீங்க சிகாமணி சாருக்க கூட்டுக்காரனா?”

“ஆமா, நண்பன்தான்” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சிகாமணியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வியும், அதற்கு நான் சொன்ன பொய்யும். முட்டத்தில் யாராவது சவரிமுத்து அண்ணனுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். அன்று ஜீப்பில் உட்கார்ந்திருந்தது நான்தான்.