திறக்காத ஸ்டேஷனின் இரண்டு பலகைகள்

எங்கள் ஊரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கண்மாய்க்கு அக்கரையில் இருக்கும் ஊரின் பெயரையும் எழுத வேண்டிவரும். இரண்டையும் எழுதினால், எதை முதலில் எழுதினேன் என்று பார்க்க ஆள் வந்துவிடும். கீரனூருக்கும் நார்த்தாமலைக்கும் நடுவில் இரண்டு ஊர்கள், பொதுவாக ஒரு கண்மாய், பொதுவாக ஓர் அய்யனார், பக்கத்தில் ஒரு தண்டவாளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது போதும்.

அந்தத் தண்டவாளத்தில் தினமும் ரயில் போகும், நிற்காது. ஏற வேண்டுமென்றால் நார்த்தாமலை வரை வெயிலில் நடக்க வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கு மாட்டு வண்டி. என் மனைவிக்கு முதல் பிரசவ வலி கண்டபோது வண்டியில்தான் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பாதி வழியில் ரயில் ஊதிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது. ரயிலின் ஊதல் கேட்டால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த மறு வருஷம் அவள் மறுபடியும் உண்டாகியிருந்தாள். ரயிலை நிறுத்தச் சொல்லிக் கேட்பது என்று இரண்டு ஊரும் ஒன்றாகக் கூடி முடிவு செய்தன. எனக்குத் தெரிந்து இரண்டு ஊரும் ஒத்துப்போன காரியம் அது ஒன்றுதான். திருச்சியில் இருந்த ரயில் கம்பெனியின் தலைமை ஆபீசுக்கு மூன்று பேர் போனோம். ஒருவர் எங்கள் ஊர்த் தலைவர், அதாவது ஊர் அம்பலம். அவர் என் மாமனாரும்கூட. இன்னொருவர் அக்கரை அம்பலம். நான் பள்ளிக்கூட வாத்தியார், இங்கிலீஷ் வாசிப்பேன் என்பதால் கூட்டிப்போனார்கள்.

ஆபீசின் ஒரு தாழ்வாரத்தில் எங்கள் ஊரையே குடிவைத்துவிடலாம். மாமனார் கோயிலுக்கு வந்தவர்போல வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். அவர் கழற்றியதைப் பார்த்து, அவரைவிடக் கொஞ்சம் தள்ளியே அக்கரை அம்பலமும் கழற்றினார். பெரிய மனிதரைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார்கள். அதிகாரியின் அறைக்குள் நுழைந்ததும் இரண்டு பழமும் ஒரே நேரத்தில் நீண்டன. அதிகாரி இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். பல ஊர்ப் பஞ்சாயத்தைப் பார்த்த மனிதர்.

ஊர்ப் பெயர்களைச் சொன்னோம். அவர் சிரித்தார். "அந்த ஊரா! வாங்க, ஒங்களுக்கு ஒண்ணு காட்டறேன்" என்று எழுந்தார்.

கம்பெனியின் பழைய சாமான்களையெல்லாம் ஒரு பெரிய அறையில் சேர்த்து வைத்திருந்தார்கள். ஓடி ஓய்ந்த ஒரு எஞ்சினின் பித்தளை மணி, சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வைத்த கை விளக்கு, யாரோ ஒரு வெள்ளைக்கார துரை ரயிலில் போகும்போது சாப்பிட்ட பீங்கான் தட்டு. நாம் சாப்பிட்ட இலையை மடித்துத் தூர எறிகிறோம். அவர்கள் சாப்பிட்ட தட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, ஆள் போட்டுக் காவல் காக்கிறார்கள். "கழுவித்தான் வச்சிருக்காகளா?" என்று மாமனார் என் காதில் கேட்டார்.

கடைசிச் சுவரோரம் இரண்டு மரப் பலகைகள் நின்றன. இரண்டிலும் எங்கள் இரண்டு ஊர்ப் பெயர்கள். ஒன்றில் எங்கள் ஊர் மேலே, இன்னொன்றில் அக்கரை ஊர் மேலே. கீழே இருந்த சீட்டை நான் வாசித்துச் சொன்னேன். தண்டவாளம் போட்ட காலத்திலேயே அனுமதி கொடுத்தும் திறக்க முடியாமல் போன ஸ்டேஷன். முதல் பலகையை அக்கரை ஊர் பிடுங்கிப் போட்டது. மாற்றி எழுதி நட்ட பலகையை எங்கள் ஊர் பிடுங்கிப் போட்டது. கம்பெனி கும்பிடு போட்டுவிட்டு இரண்டையும் இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டது.

எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. மாமனாருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. இரண்டாவது பலகையின் முறிந்த காலைத் தடவிக்கொடுத்தார்.

"இது நான் பிடுங்குனது மாப்ள. இந்தக் கையாலதான்."

"தொடாதீங்க" என்றான் காவலாள்.

"அந்த அனுமதி இன்னும் ரத்தாகலை" என்றார் அதிகாரி. "ரெண்டுல ஒரு பலகையைக் கைகாட்டுங்க. இன்னிக்கே உத்தரவு போட்டுடறேன். நாளைக்கு நான் மாத்தலாகி மெட்ராஸ் போறேன். அடுத்து வர்றவர் என்ன சொல்வாரோ தெரியாது. சாப்பிட்டுட்டு வர்றேன், பேசி வைங்க."

அவர் போனதும் நான் முந்திக்கொண்டேன். ஸ்டேஷனுக்கு இரண்டு கோடியிலும் பலகை உண்டு. ஒரு கோடியில் இது இருக்கட்டும், இன்னொரு கோடியில் அது இருக்கட்டும் என்றேன். இருவரும் யோசித்தார்கள். தலையைக்கூட ஆட்டினார்கள். வாத்தியார் வேலைக்கு வந்ததன் பலனை அடைந்துவிட்டதாக ஒரு நிமிஷம் நினைத்தேன்.

"சரி, திருச்சிப் பக்கம் எது நிக்கும்?" என்றார் அக்கரை அம்பலம்.

"இதென்ன கேள்வி? திருச்சியிலேருந்து வர்றவன் எங்க பேரைத்தான் மொதல்ல பாக்கணும்."

"ஏன், புதுக்கோட்டையிலேருந்து வர்றவன் மனுசன் இல்லையா? அப்ப அந்தப் பக்கத்தை நீங்க வச்சுக்கங்க."

"அய்யனார் கோயில்ல மொதப் பரிவட்டம் யாருக்குக் கட்டுறாக?"

"அது நாங்க பாவம் பாத்து விட்டுக்குடுத்தது!"

பித்தளை மணி அதிர்கிற அளவுக்குச் சத்தம். எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, ஒங்க மக மாசமா இருக்கா. போன தடவை வண்டியில நடந்தது மறந்துபோச்சா?" என்று கத்திவிட்டேன்.

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "மறப்பனா மாப்ள? அந்தப் பிள்ளையை இந்தக் கையாலதானே பொதைச்சேன்" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், "ஆனா பேரைக் கீழ போட்டுட்டு ஊருக்குள்ள எப்படிப் போறது?" என்றார்.

அக்கரை அம்பலமும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவரும் திருச்சிப் பக்கத்தை விடவில்லை.

அதிகாரி திரும்பி வந்து எங்கள் முகங்களைப் பார்த்தார். உத்தரவு போடவில்லை. எலுமிச்சம்பழங்களை மட்டும் வைத்துக்கொண்டார்.

சாயங்கால ரயிலில் திரும்பினோம். அம்பலங்கள் இருவரும் பெட்டியின் இரண்டு கோடியில் உட்கார்ந்துகொண்டார்கள். எங்கள் ஊர் வந்தது. தண்டவாளத்துக்கு அங்கிட்டு, வேலியோரம், வயிற்றில் கை வைத்தபடி என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். ரயில் நிற்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறாள். ரயில் ஊதிக்கொண்டே அவளைத் தாண்டிப் போனது. நார்த்தாமலையில் இறங்கி, அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு முன்னால் நடந்தேன்.

வீட்டில் சொம்புத் தண்ணீரை நீட்டிக்கொண்டே கேட்டாள். "என்ன சொன்னாக? நிக்குமா?"

"பலகையெல்லாம் எழுதித் தயாரா வச்சிருக்காங்க" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. அப்படியே அவள் அப்பாவின் முகம்.

"யாரு பேரு மேல இருக்கு?" என்றாள்.

தண்ணீரைக் குடித்து முடித்தேன். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. விடிந்ததும் வண்டி கட்டி, புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்து அவளைக் கொண்டுபோய் வைத்தேன்.