ஹாரன் சொன்ன இரண்டு பொய்கள்

டிப்போவில் அவருக்கு வைத்த பெயர் ஹாரன். டவுன் பஸ் டிரைவர். வண்டியின் ஹாரன் வேலை செய்யாவிட்டாலும் கவலையில்லை. இவர் ஜன்னலில் தலையை நீட்டி ஒரு சத்தம் போட்டால் எதிரே வரும் லாரி தானாக ஒதுங்கும். கோபக்காரர்தான், ஆனால் அவர் திட்டினால் திட்டு வாங்கியவனே சிரித்துவிடுவான்.

அப்பேர்ப்பட்ட வாய் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பூட்டிக்கொண்டது. மலத்தோடு ரத்தம் போனது. மூலமாக இருக்கும் என்று தனக்குத்தானே வைத்தியம் பார்த்துக்கொண்டார். அப்புறம் அடக்கவும் முடியாமல் போனது. ஸ்பீடு பிரேக்கரில் பஸ் ஏறி இறங்கினால் போதும், காக்கி பேன்ட் பாழாகிவிடும். சீட்டில் பிளாஸ்டிக் ஷீட் விரித்தார். கண்டக்டர் கேட்டதற்கு, "ஸ்பிரிங் குத்துதுப்பா" என்று சமாளித்தார். டிப்போ குழாயில் பேன்ட்டை அலசி, வீட்டுக்கு வந்து மறுபடியும் சோப்புப் போட்டுத் துவைத்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைத்தறியாத மனுஷன்! போதாக்குறைக்கு சென்ட் வேறு. மனைவி எல்லாவற்றையும் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு துவைக்கும்போது அவருக்கு அவமானத்தில் உடம்பே கூசும். சில நாள் அழுதும் இருக்கிறார்.

ஒருநாள் ரத்தம் நிற்கவே இல்லை. பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மலக்குடலில் கேன்சர் என்றார்கள். கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்துக் கட்டியைச் சுருக்கியபின் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

சர்ஜன் ஒரு பெண். கணவன் மனைவி இருவரையும் எதிரே உட்காரவைத்துப் பேசினார்.

"எப்படியும் வயித்துல சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுத்தான் செய்யப்போறோம். உள்ள என்ன செய்யறதுங்கறதுலதான் ரெண்டு வழி இருக்கு. கட்டிய எடுத்துட்டு, மேல இருக்கற குடலை இழுத்து அடியில தைக்கலாம். அது ஆறுற வரைக்கும் கொஞ்ச மாசம் மலம் வயித்துல ஒட்டற பையில போகும், அப்புறம் பைய எடுத்துடலாம். இன்னொரு வழி, அடிப்பக்கத்தை மூடிட்டு, ஆயுசுக்கும் பை."

"தச்சே விட்டுடுங்கம்மா" என்றாள் மனைவி.

"கட்டி ரொம்பக் கீழ இருக்கும்மா. கை வச்சுப் பாத்ததுல தசையும் தளர்வாத்தான் தெரியுது. சார், உண்மையச் சொல்லணும். உங்கள அறியாம துணியில போயிருக்கா? போயிருந்தா, தச்சாலும் அடங்காது. நாள் பூரா கசியும். அதுக்குப் பையே எவ்வளவோ தேவலாம்."

மனைவியின் தோள் அவர் தோளில் இடித்துக்கொண்டிருந்தது.

"சேச்சே! நம்ம பிரேக் எல்லாம் பக்காவா பிடிக்கும் டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. சரி, தைத்துவிடலாம் என்று முடிவானது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம், வார்டில், மனைவி கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"எவ அவ?"

"எவ?"

"நடிக்காதீங்க. சென்ட் என்ன, எனக்குத் தெரியாம துணி துவைக்கறது என்ன! ஒரு வருஷமா வாயில துணிய வச்சு அழுதுட்டு இருக்கேன். நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரக் கேப்பேன்? இப்பவே சொல்லிடுங்க."

அங்கேதான் மனுஷன் புத்தி பேதலித்தது. உண்மையைச் சொன்னால் பேன்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு வாய் வரவில்லை.

"ஆமா. ஒருத்தி இருந்தா. இப்ப இல்ல, விட்டுட்டேன்" என்றார்.

அடக் கூறுகெட்டவனே! இல்லாத ஒருத்தியை எங்கிருந்தோ இழுத்துவந்து பெண்டாட்டி முன்னால் நிறுத்திவிட்டு, தப்பித்தோம் என்று மூச்சு வேறு விட்டார்.

அவள் கத்துவாள் என்று பார்த்தார். கத்தவில்லை. "ஆபரேஷன் முடிஞ்சு நீங்க எழுந்து நடக்கற வரைக்கும் கூட இருப்பேன். அப்புறம் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன்" என்று மட்டும் சொன்னாள்.

நர்ஸ் மார்க்கர் பேனாவோடு வந்தார். பை எங்கே வரும் என்று வயிற்றில் அடையாளம் வைக்க வேண்டுமாம். "தைக்கறதுன்னு போட்டிருக்காங்க, வலப்பக்கம் மட்டும் போதும். ஆயுசுக்கும் பைன்னாதான் இடப்பக்கம். சட்டையத் தூக்கிப் பிடிங்கம்மா."

மனைவி சட்டையைத் தூக்கிப் பிடித்தாள். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணீர் தாடை வழியாக இறங்கியது, துடைக்கக் கை இல்லை. ஹாரன் நர்ஸின் கையைத் தடுத்தார்.

"சிஸ்டர், டாக்டரக் கூப்பிடுங்க. நான் பொய் சொல்லிட்டேன். அடக்க முடியல. ஒரு வருஷமா துணியிலயே போகுது. அதத்தான் ஒளிச்சு ஒளிச்சுத் துவைச்சேன். சென்ட்டும் அந்த நாத்தத்துக்குத்தான்."

அந்தக் குரல் பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்டிருக்காது.

நர்ஸ் அலட்டிக்கொள்ளவில்லை. "இதெல்லாம் நாங்க தினமும் கேக்கறதுதான் சார். இப்பவாவது சொன்னீங்களே" என்று இடப்பக்கமும் ஒரு வட்டம் போட்டுவிட்டு, டாக்டரைக் கூப்பிடப் போனார்.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. இனி மனைவி சமாதானமாகிவிடுவாள் என்று நம்பி, லேசாகச் சிரிக்கக்கூடப் பார்த்தார்.

"எவளும் இல்லம்மா. சும்மா சொன்னேன்."

அவள் பிடித்திருந்த சட்டையை விட்டாள்.

"பேன்ட்டோட போனதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. சரி. என் மூஞ்சியப் பாத்து, இன்னொருத்தி இருந்தான்னு சொன்னீங்களே, அதுக்கு வெக்கமா இல்லையா?"