சிவப்புப் பொத்தானிலிருந்து எடுத்த கை

கலியனை நான் முதலில் பார்த்தது 1961 ஐப்பசியில், ஏழாம் நம்பர் பம்பு ஷெட்டில். நான் நெய்வேலியில் வேலைக்குச் சேர்ந்து அன்று ஒன்பதாம் நாள். சைக்கிளில் ஒவ்வொரு பம்பாகப் போய், மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்து வருவது என் வேலை. காடாம்புலியூர்ப் பக்கம் எங்கள் சேரியில் முதல் பி.ஏ. நான்தான். அந்தப் பெருமையை எங்கு போனாலும் கூடவே கொண்டுபோவேன்.

உள்ளே நுழைந்ததும் பம்பு ஆபரேட்டர் எழுந்து நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான தோளில் கம்பெனிக் காக்கிச் சட்டை தொங்கியது. அவரும் சேரிக்காரர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் எனக்காக நின்றது பொறுக்காமல், மோட்டார் இரைச்சலுக்கு நடுவே அவர் காதருகே குனிந்து, "உக்காருங்கண்ணே, நானும் நம்ம ஆளுதான்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அதை எதுக்கு தம்பி காதுல வந்து சொல்றீங்க? பி.ஏ. படிச்சத மட்டும் வாசல்லயே சத்தமா சொன்னீங்க."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன்.

இங்கே நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கிறது. சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைப் போர் போட்டு இரவும் பகலும் இறைக்காவிட்டால், கீழே ஆட்கள் நிற்கிற தரையே பொத்துக்கொள்ளும். அதனால் பம்பை விட்டு ஆபரேட்டர் நகரக்கூடாது. நிறுத்தினால், எத்தனை மணிக்கு, எதற்காக என்று நோட்டில் ஏற வேண்டும். கலியன் அந்தப் போர் தோண்டும்போது மண் சுமந்த கூலி. வேலையைப் பார்த்தே கற்றுக்கொண்டார் என்று அவரையே ஆபரேட்டர் ஆக்கினார்கள். ஒரு வருஷம் புகாரில்லாமல் ஓட்டினால் பர்மனென்ட்.

ஏழாம் நம்பர் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, பக்கத்து ஊர்க்காரர்களின் வயலுக்குப் போனது. அதில் பெரும்பகுதி ஜெயராமன் வீட்டு வயல். தன் மச்சினனுக்கு அந்த வேலை வேண்டும் என்று கேட்டுக் கிடைக்காத ஆள் அவர். "குழாய் வாயில உன் கை படக்கூடாது. நாங்க சாமிக்கு எடுக்கிற தண்ணி" என்று முதல் வாரமே சொல்லிவிட்டுப் போயிருந்தார். இடுப்புத் தடிமன் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க, கலியன் சேரிக் கிணற்று உப்புத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து வைத்துக் குடிப்பார். நான் சட்டம் பேசுவேன். தீண்டாமைக்குத் தண்டனை உண்டு, ஐம்பத்தைந்திலேயே வந்துவிட்டது என்பேன்.

"அந்தச் சட்டம் எங்கூட என் வூடு வரைக்கும் நடந்து வருமா, தம்பி?" என்பார்.

மறு வருஷம் சித்திரையில் ஒருநாள், பர்மனென்டுக்கு ஆறு வாரம் இருந்தது. எட்டாம் நம்பர் பம்பு ரிப்பேரில் கிடந்தது. பகல் பன்னிரண்டரைக்கு நான் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தபோது, கலியனின் மனைவி ருக்குமணி கஞ்சி கொண்டுவந்தார். மூன்று மைல் வெயில். குடத்தில் தண்ணீர் தீர்ந்திருந்தது. ருக்குமணி நேராகப் போய்க் குழாயில் இரண்டு கையையும் ஏந்திக் குடித்துவிட்டு, முகத்தையும் கழுவினார்.

வாய்க்கால் கரையிலிருந்து ஜெயராமனும் மூன்று பேரும் ஓடி வந்தார்கள். கஞ்சிச் சட்டி உருண்டது. ருக்குமணி ஷெட்டுக்குள் ஓடி வந்து கணவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"பொம்பளைய ஏவி வுட்டு வேடிக்கை பாக்கிறியாடா?" ஜெயராமன் கலியனைக் கன்னத்தில் அறைந்தார்.

கலியன் சுவரோடு சாய்ந்தார். அவர் கை ஸ்டார்ட்டரின் சிவப்புப் பொத்தான்மேல் போய் நின்றது. அதை அமுக்கினால் பம்பு நின்றுவிடும், ஜெயராமன் வயலுக்குத் தண்ணீர் கிடையாது. கதிர் வாங்குகிற பயிர்.

"நிறுத்துடா பாப்பம்! நிறுத்து! அதுக்கப்புறம் இந்த மிஷின் பக்கம் உன் சாதிக்காரன் எவனாவது வருவானா?" என்று ஜெயராமன் கத்தினார்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்: "அமுக்குங்கண்ணே!" என்று நானும்தான் கத்தினேன். அடிக்கிறவனை நோக்கி நான் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை.

கலியன் பொத்தானிலிருந்து கையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். இன்னொரு அறை விழுந்தது. அக்குளில் இருந்த கை வெளியே வரவில்லை. காது மடலில் ரத்தம் இறங்க, என்னைப் பார்த்து, "தம்பி, மணி பாருங்க. நடந்தத எழுதுங்க. பேரோட எழுதுங்க" என்றார்.

என் பேனா தாளைத் தொட்டதும் அந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பின்வாங்கினார்கள். "ரெண்டு மணிக்கு எங்க தெரு வழியாத்தான போவணும், வா" என்று ஜெயராமன் சொல்லிவிட்டுப் போனார்.

ஷிஃப்ட் முடிய ஒன்றே கால் மணி நேரம். ஏன் அமுக்கவில்லை என்று கேட்டேன். அவர் கையை நீட்டிக் காட்டினார். கோழிக்குஞ்சு போல் நடுங்கியது.

"எட்டும் நின்னு கெடக்கு, ஏழும் நின்னா என்னாவும்? கீழ என் தம்பி அய்யனாரு மண்ணு வாரிக்கினு இருக்கான். அவனோட எரநூறு பேரு. என் கையே அமுக்கிப்புடுமோன்னு பயந்து பூட்டன், தம்பி."

"முந்திரித் தோப்பு வழியா சுத்திப் போயிடலாம்ணே."

"தோப்புல அடிச்சா பாக்க ஆளு இருக்காது. தெருவுல நாலு பேராவது பாப்பாங்க."

"புள்ள தனியா இருக்குதுங்க, கெளம்புங்க" என்றார் ருக்குமணி. ஆறு வயது மகள் சேரியில் தனியாக இருந்தாள்.

அடுத்த ஆள் வந்ததும் கிளம்பினோம். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட நடந்தேன். ஊர்த்தெருவில் வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள். தன் வீட்டெதிரே ஜெயராமன் நின்றிருந்தார், கையில் ஒரு கழி. கலியன் வழக்கமாக நடக்கிற நடைதான். வேகமும் இல்லை, நிற்கவும் இல்லை. முதுகில் ஒரு கல் விழுந்தது. ருக்குமணி வாயைப் பொத்திக்கொண்டார். கலியன் திரும்பவில்லை. இரண்டாவது கல் என் சைக்கிள் சக்கரத்தில் பட்டுத் தெறித்தது. அதற்குள் ஒரு கிழவி வெளியே வந்து, "கம்பெனி ஆபீசர் கூட வர்றாருடா, பேரு எழுதிட்டாருன்னா வுடமாட்டாங்க" என்று அதட்டினாள். என்னைத்தான் சொன்னாள். மூன்றாவது கல் வரவில்லை.

மறுநாள் எங்கள் மேற்பார்வையாளர் சங்கரலிங்கம் நோட்டைப் படித்தார். திருநெல்வேலிக்காரர். "பம்ப நிறுத்தலியாவே?" என்று கலியனிடம் இரண்டு தரம் கேட்டார். கலியன் புகாரில் கையெழுத்துப் போட்டார். போலீஸ் வந்து, சமாதானமாகப் போங்கள் என்று இரண்டு பக்கத்துக்கும் சொல்லிவிட்டுப் போயிற்று. ஜெயராமனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் வயல் அந்த வருஷம் நன்றாக விளைந்தது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. ஆனால் நோட்டில் இருந்த வரியை யாராலும் அழிக்க முடியவில்லை. ஆபரேட்டர்மேல் குற்றம் சொல்ல அதில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆனி மாதம் பர்மனென்ட் ஆர்டர் வந்தது.

இப்போது 1968. கலியன் ருக்குமணியோடும் மகளோடும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். மகள் ஆறாம் வகுப்பு. அறை வாங்கிய இடது காது கலியனுக்குச் சரியாகக் கேட்பதில்லை. பம்பு ஷெட்டில்தான் இன்னமும் டியூட்டி. யாராவது நாலு பேர் சேர்ந்து வந்தால் எழுந்து நின்றுவிடுகிறார்.