ஆற்றின் மேல் நடந்தவர்

அந்த மகான் ஆற்றின் மேல் நடந்தாரா இல்லையா என்று எங்கள் வீட்டில் ஒரு வாரம் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. அவர் மறைந்து பல நூறு வருடமாயிற்று. சண்டை மட்டும் எங்களுக்கு.

எங்கள் ஊரில் அடங்கியிருக்கும் சூஃபி அவர். பெரிய அறிஞர், பாட்டுக் கட்டியவர். அவர் பேரில் வருடா வருடம் கந்தூரி விருந்து உண்டு. துபாய்க்கு வந்தும் வாப்பா அதை விடவில்லை. ஜும்மா தொழுகை முடிந்ததும் ஊர்க்காரர்களைக் கராமாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு அழைத்துவிடுவார். மெட்ரோ வராத காலம். தேராவிலிருந்து எல்லோரும் பஸ்ஸில் வியர்த்துக்கொண்டு வருவார்கள். அந்த வருடம் மகானின் வாழ்க்கையைச் சொல்லும் வேலை ஒன்பது வயதான என் தலையில் விழுந்தது.

"ஆத்து மேல நடந்ததை அழுத்திச் சொல்லணும்" என்றார் வாப்பா.

மறுநாள் மாமா வந்தார், உம்மாவின் அண்ணன். அவர் கடையில்தான் வாப்பாவுக்கு வேலை. விசாவும் அவர் எடுத்ததே. "இந்த அற்புதக் கதையெல்லாம் ஹராம் புள்ளே. படிச்சாரு, பாடுனாரு, மவுத்தானாரு. கலாஸ், அவ்வளவுதான்!"

அவர் போனதும் வாப்பா கத்தினார்: "நடக்காம, ஒன் மாமாவா கப்பல் விட்டாரு?"

வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. நான் கதையில் ஆற்றங்கரைக்கு வந்ததும் மாமா எழுந்து செருப்பைத் தேடினார்.

"அதை விடும்மா. அடுத்ததைச் சொல்லு" என்றார் வாப்பா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் என் உயிரை எடுத்து மனப்பாடம் செய்ய வைத்தவர் இவர்தான். அடுத்தது அரசன் கதை. என்னைப் புகழ்ந்து பாடு என்றான் அரசன். மகான் மறுத்தார். தீர்ப்புச் சொல்லும் காஜி பதவியை உதறிவிட்டுப் பெண்டு பிள்ளைகளோடு நடந்தார். பட்டினி கிடந்தாலும் அதிகாரத்துக்குத் தலையாட்டவில்லை. வாப்பாவைப் பார்த்தே உரக்கச் சொன்னேன்.

கூடத்தில் சிலர் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமாதான், "மாஷா அல்லாஹ், இவர்தான் மனுஷன்!" என்றார். நாலு பேர் சேர்ந்துண்ணும் சஹன் தட்டின் முன் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டினார். "வாங்க மச்சான், சாப்பிடுவோம்."

"பசியில்ல மச்சான். நீங்க சாப்பிடுங்க."

வாப்பா நின்றபடியே அவருக்குக் கறி அள்ளி வைத்தார்.

ஆறு விடுபட்ட வருத்தம் என்றுதான் நினைத்தேன். அடுக்களைக்கு ஓடி, "வாப்பாவுக்காக ஆத்துக் கதையையும் சொல்லிரட்டா உம்மா?" என்று கேட்டேன்.

உம்மா ஒரு கவளம் நெய்ச்சோற்றை என் வாயில் திணித்தாள்.

"தின்னு. பேசாத."